கேட்டு எடுத்த படம்

பாபல்வா தன் விருந்தாளிகளிடம் முதலில் சொல்வது எப்போதும் ஒன்றைத்தான். "கதவு திறந்து கிடந்தாலும் தட்டிட்டுத்தான் உள்ள போகணும். கேமராவும் அப்படித்தான். கேக்காம யாரும் தூக்கக் கூடாது."

கேப் டவுனின் ஓரத்தில், லாங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே காலை ஒன்பதரை மணிக்கு, கழுத்தில் வழிகாட்டி அட்டை தொங்க நின்று இதைச் சொல்வாள். எட்டுப் பேருக்கு மேல் அழைத்துப் போகமாட்டாள். பஸ் கிடையாது, நடைதான். மூன்று மணி நேரம் நடந்து ஏழு வீடுகளுக்குப் போவார்கள். நொமோண்டே அம்மாவின் தங்கும் விடுதியில் தேநீர், யோலிஸ்வாவின் அடுப்பில் வாட்டிய ஆட்டுத்தலை, சோளத்தில் ஊறவைத்த கள் விற்கும் தகரக் கொட்டகையில் ஒரு வாய் என்று போய், கடைசியில், வெளியூர்த் தொழிலாளர்களுக்காகக் கட்டி இப்போது குடும்பங்கள் வாழும் பழைய ஆண்கள் விடுதியில் புமேசாவின் அறையில் முடியும்.

வழியில் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்திருக்கும் வுயானி தினமும் குரல் கொடுப்பான். "பாபல்வா! இன்னைக்கு எத்தனை வெள்ளைக் கோழி?"

"ஆறு. உன்னையும் சேத்தா ஏழு, ஒண்ணு மட்டும் கறுப்பு."

"என்னையும் காட்டு, அக்கா. ஊர்லயே வேலை இல்லாதவங்கள்ல மூத்தவன்னு சொல்லிக் காட்டு!"

விருந்தாளிகளுக்கு ஹோசா மொழி புரியாது. ஆனாலும் சிரிப்பார்கள். வுயானியும் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை என்று பாபல்வாவுக்குத் திருப்தியாக இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த கதை சின்னதுதான். பத்து வயதில் அம்மாவோடு லாங்காவுக்கு வந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். விடுதியில் அவருக்கு இருந்தது ஒரு கட்டில். குடும்பம் வந்ததும் அந்தக் கட்டிலே குடும்பத்தின் வீடாயிற்று. வளர்ந்த பிறகு கடலோரத்தில் ஒரு விருந்தினர் இல்லத்தில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்தாள், பதினாலு வருஷம். ஒரு சனிக்கிழமை தன் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சுற்றுலா பஸ் ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தது. கண்ணாடி ஏற்றிய ஜன்னல்களுக்குப் பின்னால் வரிசையாகக் கேமராக்கள். அவள் கையில் இருந்ததோ அவளுடைய உள்பாவாடை. பஸ் போய்விட்டது. அன்று அவள் கொடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். முந்தின நாள்தான் அதே மாதிரி மனிதர்களின் படுக்கையை விரித்து, தலையணையில் ஒரு மிட்டாய் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

மறு வருஷம் வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்தாள். பஸ்ஸில் வந்து பார்ப்பதை நிறுத்த முடியாது. ஆனால் நடந்து வந்து, உட்கார்ந்து, பேசிவிட்டுப் போகும்படி செய்யலாம் என்று நம்பினாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் எழுத்துப் பிசகாமல் செய்தாள். படம் எடுக்க விரும்புகிறவர்களுக்காக ஹோசாவிலும் ஆங்கிலத்திலும் ஒரு சம்மதப் படிவம்கூடத் தட்டெழுதி வைத்திருந்தாள். எடுக்கப்படுகிறவர் கையெழுத்து, எடுப்பவர் கையெழுத்து, சாட்சியாகத் தன் கையெழுத்து. கேப் டவுனில் வேறு எந்த வழிகாட்டியிடமும் இப்படி ஒரு தாள் இல்லை என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்.

புமேசாவை இதற்குச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான்.

புமேசாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. நகரத்து அலுவலகங்களில் விடியற்காலையில் தரை துடைக்கும் வேலை. மதியம் வீடு திரும்பிவிடுவாள். கணவன் ஜோஹன்னஸ்பர்க்குக்குச் சுரங்க வேலைக்குப் போனவன், இப்போது தொலைபேசியில் மட்டும் இருப்பவன். ஒரே மகள் சிம்கீத்தா, பதினைந்து வயது, படிப்பில் கெட்டிக்காரி. ஆறு குடும்பங்களுக்குப் பொதுவான சமையலறை, பொதுவான கழிப்பறை, ஆளுக்கொரு அறை. புமேசாவின் அறைச் சிமெண்டுத் தரை சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்துப் பளபளக்கும். செருப்போடு நுழைகிறவர்கள் தாமாகவே தயங்குவார்கள்.

"என் ரூம்ல என்ன இருக்குன்னு பாக்க வர்றாங்க?" என்று அவள் முதலில் கேட்டாள்.

"ரூமைப் பாக்க இல்லடி, உன்னைப் பாக்க. நீ பேசு. நீயும் அவங்களைக் கேளு. அவங்க மட்டும் கேட்டா அது விசாரணை. ரெண்டு பேரும் கேட்டா விருந்து."

புமேசா அதைப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டுத் தன் கேள்விகளை ஆரம்பிப்பாள். "உங்க வீட்ல எத்தனை ரூம்?" "அஞ்சு ரூம்ல நீங்க ஒரே ஆளா? பயமா இருக்காதா?" "உங்கம்மா எங்க இருக்காங்க? முதியோர் இல்லத்துலயா? ஐயோ பாவம், போன் பண்ணுங்க இன்னைக்கு." ஒரு தடவை அறுபது வயது ஜெர்மானியர் ஒருவர் அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, அங்கிருந்தே தன் தாய்க்கு அழைத்துப் பேசினார். அதற்குப் பிறகு பாபல்வா நடையின் கடைசி நிறுத்தமாகப் புமேசாவின் அறையையே வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் மாதம், மழை நாள். நாலு பேர்தான் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி ஹாலந்துக்காரி, மர்லேன் என்று பெயர். மென்மையான குரல், பெரிய கேமரா. வழி முழுக்க அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். கேட்காமல் ஒரு சுவரைக்கூட எடுக்கவில்லை. பாபல்வாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பொதுச் சமையலறையில் அன்று கூட்டம். அதனால் புமேசா கட்டிலில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது. ஜன்னல் வழியாக மழை வெளிச்சம் அவள் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் விழுந்தது.

மர்லேன் மெதுவாகக் கேட்டாள். பாபல்வா மொழிபெயர்த்தாள். "படம் எடுக்கலாமான்னு கேக்குறாங்க."

"இந்தக் கோலத்துலயா? நான் ஜெப சங்கத்து உடுப்பைப் போட்டுக்கறேன், அப்புறம் எடுக்கட்டும்."

"ரெண்டும் எடுக்கட்டுமே. வெளிச்சம் நல்லா இருக்காம்."

புமேசா தோளைக் குலுக்கிவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தாள். பாபல்வா அவளைச் சீண்டினாள். "அழாதடி. உன் புருஷன் திரும்பி வரப்போறானாம்."

"அதுக்குத்தான்க்கா அழறேன்!"

சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள் புமேசா. அடக்கிய சிரிப்பில் உதடு கோணியது. மர்லேன் அந்தக் கணத்தில்தான் எடுத்தாள்.

பிறகு புமேசா மாதர் ஜெப சங்கத்தின் உடுப்பில் வந்து நின்றாள். சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலர், கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி. நிமிர்ந்து, கைகளைக் கோத்து, ராணி மாதிரி. "இதைத்தான் எல்லாருக்கும் காட்டணும்னு சொல்லுக்கா" என்றாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பாபல்வா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மர்லேன் வாக்குத் தவறவில்லை. ஆறே வாரத்தில் உடுப்போடு இருக்கும் படம் சட்டம் போட்டுத் தபாலில் வந்தது. புமேசா அதைக் கட்டிலுக்கு நேரே மாட்டிவைத்தாள்.

நவம்பரில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு சிம்கீத்தா நேராகப் பாபல்வாவின் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

"இது எங்கம்மாதானே, பெரியம்மா?"

பாபல்வா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். புமேசாவின் முகம். பாதி இருட்டு, பாதி வெளிச்சம். கன்னத்தில் கண்ணீர், கோணிய உதடு, முகத்தில் புறங்கை. கீழே பெரிய எழுத்தில்: இன்று இரவு தன் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று தெரியாத ஒரு தாய். அதற்கும் கீழே, நன்கொடை கொடுக்க அழுத்தும் இடம்.

"கிளாஸ்ல எல்லார்கிட்டயும் இருக்கு" என்றாள் சிம்கீத்தா. "மத்தியானம் ஒருத்தி அவ சாப்பாட்டுல பாதியை என் டெஸ்க்ல வெச்சுட்டுப் போனா. கிண்டல் பண்ணியிருந்தாக்கூடத் திருப்பி அடிச்சிருப்பேன். அவ நிஜமாவே வெச்சா."

இருவரும் புமேசாவிடம் போனார்கள். புமேசா போனை வாங்கிப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"சமைச்சிட்டிருக்கறவளைப் பிடிச்சு சாப்பாடு இல்லாதவன்னு எழுதியிருக்கானே! மடியில ரெண்டு கிலோ வெங்காயம்."

"வெங்காயம் எங்கம்மா இருக்கு? பாரு. கத்தி, பலகை எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டாங்க."

புமேசா மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தேநீர் போடவா அக்கா?" என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்பதுபோல வந்த அந்தக் கேள்வி பாபல்வாவைச் சுட்டது.

அன்று மாலையே மர்லேனை அழைத்தாள். மர்லேன் மறுமுனையில் அழுதுவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. பட்டினிக்கு எதிராக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தன் பயணப் படங்களை எல்லாம் இலவசமாகக் கொடுத்திருந்தாள். நல்ல காரியத்துக்குத்தானே என்று. அவர்கள் எதை எடுப்பார்கள், என்ன எழுதுவார்கள் என்று கேட்கவில்லை. "நான் உடனே எழுதறேன். உடனே" என்றாள். எழுதவும் செய்தாள்.

தொண்டு நிறுவனத்தின் பதில் பத்தொன்பது நாள் கழித்து வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். மனவருத்தத்துக்கு வருந்துகிறோம், எங்கள் பக்கத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டோம், ஆனால் மற்றவர்கள் பகிர்ந்துகொண்டவை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று இருந்தது. அதற்குள் படம் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. யாரோ அதன் மேல் பைபிள் வசனம் எழுதியிருந்தார்கள். யாரோ அரசாங்கத்தைத் திட்டியிருந்தார்கள். வேறு ஏதோ நாட்டின் பஞ்சத்துக்கு அந்த முகத்தையே போட்டிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இது உலகத்தின் வாய்.

நகரத்தில் இலவசச் சட்ட உதவி மையம் ஒன்று இருந்தது. பாபல்வா ஒரு புதன்கிழமை நடையை ரத்துசெய்துவிட்டுப் போனாள். இளம் பெண் வழக்கறிஞர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றாள்.

பாபல்வா படிவத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வழக்கறிஞர் அதை இரண்டு முறை படித்தாள். "'என் படத்தை எடுக்கவும் பயன்படுத்தவும் சம்மதிக்கிறேன்'னு இருக்கு. எங்க, எதுக்கு, எவ்வளவு நாளைக்குன்னு எதுவும் இல்லை. அவங்க போட்ட வரி பொய்தான். அதை வெச்சு வாதாடலாம். ஆனா இந்தத் தாளைத்தான் முதல்ல எடுத்து நீட்டுவாங்க." கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "இது யார் தயார் பண்ணது?"

"நான்தான்" என்றாள் பாபல்வா.

திரும்பும்போது டாக்ஸி வேனில் அவள் பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள்; காதில் விழவில்லை. அந்த ஒரு வரியை எழுதப் பாபல்வா ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தாள். 'பயன்படுத்தவும்' என்ற சொல்லைச் சேர்த்தால் தாள் ஒரு அதிகாரபூர்வக் களையோடு தெரியும் என்று சேர்த்தாள்.

சுற்றுலா அலுவலகத்துக்கும் போனாள். அங்கிருந்த அதிகாரி படத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "இவங்க உங்க ஆளா? அட! இப்படி ஒரு விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காதேம்மா."

அவர் சொன்னது பலித்தது. அதுதான் பெரிய கொடுமை. டிசம்பரில் வெயிலோடு வெளிநாட்டவர்களும் வந்தார்கள். ரயில் நிலையத்தில் நின்று கதவைத் தட்டுவது பற்றிப் பாபல்வா சொல்லி முடித்ததுமே யாராவது ஒருவர் தயக்கத்தோடு போனை எடுத்துக் காட்டுவார். "இந்த அம்மா இங்கேதான் இருக்காங்களாமே? பார்க்க முடியுமா?" சிலர் அரிசி மூட்டையோடு வந்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் பழைய உடுப்புகளைப் பெட்டியில் போட்டு நார்வேயிலிருந்து தூக்கி வந்திருந்தாள். பாபல்வா ஒவ்வொருவரிடமும் சொன்னாள், அது வெங்காயம் என்று. அவர்கள் புரிந்துகொண்ட மாதிரி தலையசைப்பார்கள். "தன்மானம் உள்ளவங்க, அப்படித்தான் சொல்வாங்க" என்று ஒருவர் தன் மனைவியிடம் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஏழு வீட்டாரும் நொமோண்டே அம்மாவின் கூடத்தில் கூடினார்கள். பாபல்வாதான் கூட்டினாள்.

"இனிமே விடுதிப் பக்கம் போக வேண்டாம். ஆறு வீட்டோட நிறுத்திக்கலாம்" என்றாள்.

நொமோண்டே அம்மா பெரிய உடம்பைச் சாய்த்துக்கொண்டு மூச்சு விட்டாள். "விட்டா? அவங்க உன்கூட வரமாட்டாங்க. பஸ்காரன்கூடப் போவாங்க. அவன் கதவைத் தட்ட மாட்டான், ஜன்னலைத்தான் தட்டுவான். அது நல்லா இருக்கா?"

யோலிஸ்வா தலை குனிந்தபடி சொன்னாள்: "ஒளிக்காம சொல்றேன். இந்த மாசம் ஆட்டுத்தலை நாலு மடங்கு வித்திருக்கு. மகன் கல்யாணத்தை வெச்சிருக்கேன். புமேசா மேல எனக்குப் பாசம் இல்லாம இல்ல."

எல்லாரும் புமேசாவைப் பார்த்தார்கள். அவள் கதவோரத்து நாற்காலியில், வேலைக்குப் போன உடுப்போடேயே உட்கார்ந்திருந்தாள்.

"உங்க யார் வாயிலயும் மண்ணைப் போட நான் வரலை. வாங்க, போங்க. என் கதவு மட்டும் சாத்தியிருக்கும்."

அப்படியே சாத்தியிருந்தது. விருந்தாளிகள் தாழ்வாரத்தில் வந்து நின்றார்கள். பாபல்வா, "அவங்களுக்கு விருப்பம் இல்லை, மதிப்போம்" என்றாள். மதித்தார்கள். யாரும் தட்டவில்லை. பிறகு ஒருவர் கேமராவை எடுத்து, சாத்திய கதவைப் படம் எடுத்தார். கதவுக்குச் சம்மதம் கேட்கும் விதி பாபல்வாவிடம் இல்லை. உள்ளே தரை தேய்க்கும் சத்தம் கேட்டது, சட்டென்று நின்றது, அவர்கள் போகும்வரை திரும்ப எழவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை பாபல்வா புமேசாவோடு அறையில் இருந்தபோது வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஜெப சங்கத்துப் பெண்கள் ஆறு பேர், அதே சிவப்புச் சட்டையில். நடுவில் இருந்தவள் கையில் கூடை. சோள மாவு, எண்ணெய், சர்க்கரை, மீன் டப்பாக்கள்.

சங்கத் தலைவி புமேசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களை மன்னிச்சிடும்மா. வாரா வாரம் பக்கத்துல முழங்கால் போட்டிருக்கோம், உன் கஷ்டம் எங்களுக்குத் தெரியலை. எங்கேயோ இருக்கற வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, கூடப் பிறந்த எங்களுக்குத் தெரியலை."

"அது வெங்காயம், அம்மா" என்று பாபல்வா எழுந்தாள். புமேசா அவள் பக்கம் பார்த்து மெல்லத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர்களோடு சேர்ந்து பாடினாள். அவள் குரல்தான் அந்தக் கூட்டத்திலேயே நல்ல குரல். அன்றும் அது பிசிறவில்லை.

அவர்கள் போன பிறகு கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன மாசம் வேற ஒருத்திக்கு இதே கூடை போச்சு. கூடையைத் தூக்கிட்டுப் போனவ நான்தான்க்கா."

"நான் போய்ச் சொல்றேன் அவங்ககிட்ட. வீடு வீடாப் போய்ச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவே? இவ பட்டினி இல்லன்னா? அப்போ இத்தனை நாள் ஏமாத்தினாளான்னு கேப்பாங்க. விடு."

பாபல்வா எந்தப் பக்கம் கை நீட்டினாலும் அந்தப் பக்கமும் சுவராகவே இருந்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தாலாவது நெஞ்சு ஆறியிருக்கும். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் வருந்தினார்கள். மர்லேன் இன்னும் வாரம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் புமேசா விடுதியைக் காலி செய்தாள். விமான நிலையத்துக்கு அப்பால், டெல்ஃப்டில் அவளுடைய நாத்தனார் வீட்டுக் கொல்லையில் ஒரு அறை போட்டிருந்தார்கள். சிம்கீத்தாவுக்கு அங்கே வேறு பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. வேலைக்குப் போக இனி இரண்டு வேன் மாறவேண்டும். மூன்று மணிக்கே எழுந்திருக்கவேண்டும். பாபல்வா கட்டிலைக் கழற்றுவதில் ஒரு கை கொடுத்தாள். வுயானியும் வந்து அலமாரியைத் தூக்கினான், அன்று ஒரு பகடியும் இல்லாமல்.

"இருந்துடேன் புமேசா. ஒரு வருஷம் போனா மறந்துடுவாங்க."

"மறந்துடுவாங்கதான். எனக்கு மறக்காதே. கண்ணாடியில மூஞ்சியைப் பாத்தா அந்தப் படம்தான் தெரியுது. அழறேனா சிரிக்கிறேனான்னு எனக்கே சந்தேகம் வருதுக்கா." பிறகு பாபல்வாவின் தோளைத் தட்டினாள். "உன்மேல கோபம் இல்ல. நீ கேட்டுத்தான் எடுக்க வெச்சே. நானும் சரின்னுதான் சொன்னேன்."

கோபம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் பாபல்வா மன்னிப்பாவது கேட்டிருப்பாள்.

அறை ஒரு வாரம்கூடக் காலியாக இருக்கவில்லை. மாடியில் அண்ணன் குடும்பத்தோடு முடங்கிக் கிடந்த வதீஸ்வா என்ற பெண் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். ஈஸ்டர் விடுமுறையில் பாபல்வா தன் கூட்டத்தோடு தாழ்வாரத்தைக் கடந்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பஸ்காரன் கூட்டிவந்த சுற்றுலாக்காரர்கள் பத்துப் பேர். கட்டிலில், ஜன்னல் பக்கமாக, மடியில் பலகையோடு வதீஸ்வா உட்கார்ந்திருந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் அந்தப் படத்தை அச்செடுத்து ஒட்டியிருந்தது.

கூட்டம் போனதும் பாபல்வா உள்ளே போனாள், தட்டாமல்.

"என்ன பண்றே நீ?"

வதீஸ்வா கத்தியைக் கீழே வைத்தாள். பயப்படவில்லை. "நான் பொய் சொல்லலைக்கா. இந்த ரூமான்னு கேக்கறாங்க. இந்த ரூம்தானே? ஆமான்னேன். அங்க உக்காருங்கன்னாங்க, உக்காந்தேன்."

"அது நீ இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒருத்தர்கூட அதைக் கேக்கலையே." குழந்தை சிணுங்கியது, அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "புமேசா அக்கா பசியில்லாம அழுதாங்க, அது உங்களுக்கு வருத்தம். நான் நிஜமாவே பசியில இருந்தப்ப என் கதவை யார் தட்டினா? உங்க ஏழு வீட்ல நான் இல்லையே. என்னை எந்தப் படிவத்துல சேக்கப் போறீங்க?"

திட்ட வந்த பாபல்வா கதவுப் பக்கம் திரும்பினாள். வெளியே அவளுடைய விருந்தாளிகள் எட்டுப் பேரும் வெயிலில் காத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து, "அந்தப் படத்துல இருக்கறவங்க இவங்க இல்லை. அவங்க போயிட்டாங்க" என்றாள். ஒரு வாலிபன் உண்மையான கரிசனத்தோடு கேட்டான்: "ஆனா, இவங்களும் ஏழைதானே?" ஆமாம் என்றாள் பாபல்வா. அவன் உள்ளே போய், முறையாகக் கேட்டு, படம் எடுத்துக்கொண்டான்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்ஃப்டுக்குப் போனாள். ஒரு கோழியும் முட்டைக்கோசும் வாங்கிப் போனாள். புமேசா நன்றாகத்தான் வரவேற்றாள். உடைத்த சோளமும் பயறும் மெதுவாக வெந்துகொண்டிருந்தன. நாத்தனாரின் முழங்கால் வலி, சிம்கீத்தாவின் கணக்குப் பரீட்சை, இரண்டாவது வேனின் ஓட்டுநர் குடித்துவிட்டு ஓட்டுவது, எல்லாம் பேசினார்கள். சிம்கீத்தா வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவோ நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. படத்தைப் பற்றி மூவருமே பேசவில்லை.

வேன் நிறுத்தம்வரை புமேசா கூடவே நடந்து வந்தாள். எதிரில் வந்த பக்கத்து வீட்டுக்காரி நின்று, "யாரு, உறவா?" என்று கேட்டாள்.

"பழைய இடத்துல பக்கத்து அறை" என்றாள் புமேசா.

அந்தப் பெண் பாபல்வாவை உற்றுப் பார்த்தாள். "எங்கேயோ பாத்திருக்கேனே உங்களை. வெள்ளைக்காரங்களைக் கூட்டிட்டுப் போவீங்களே, அவங்கதானே?"

"இல்லம்மா" என்றாள் பாபல்வா. அந்தப் பெண் போனபிறகு இருவரும் நடந்தார்கள். நிறுத்தத்தில் வேன் பாதி நிரம்பியிருந்தது.

"இங்க யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள் புமேசா, அவள் கையை விடாமல். "படத்தைப் பாத்திருப்பாங்க. நான்னு தெரியாது. உன்னை எல்லாருக்கும் தெரியும். உன்னையும் என்னையும் சேத்துப் பாத்தா..." முடிக்கவில்லை.

"வர வேண்டாங்கறே."

"அடிக்கடி வராத."

பாபல்வா தலையாட்டினாள். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேன் கிளம்பும்வரை புமேசா நிற்கவில்லை. யாராவது பார்ப்பதற்குள் என்பதுபோல வேகமாகத் திரும்பி நடந்தாள். வண்டி நிரம்ப இன்னும் ஐந்து ஆள் வேண்டும் என்று நடத்துனர் கத்திக்கொண்டிருந்தான். மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஸ்வீடனிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்தவர்கள். அவர்களிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். வேன் நிரம்பி, கிளம்பி, நெடுஞ்சாலையில் ஏறிய பிறகும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.